டிரையர் மேல் எழுதிய தேதி

டிரையர் மாற்றினால் அதன் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிட வேண்டும். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் வைத்த வழக்கம் இது. 'அடுத்து வாறவன் எவனோ, அவனுக்கு நாம எழுதி வைக்கிற கடுதாசிலே அது' என்பாராம் அந்தப் பெரியவர். 18 வருடங்களாக இவரும் அப்படித்தான் எழுதிவருகிறார். எழுதிய கடுதாசி ஒரு நாள் தன் கைக்கே வந்து சேரும் என்று மட்டும் அவர் நினைத்ததில்லை.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று வண்ண வண்ணமாய் அடுக்கி வைத்திருக்கும் கன்டெய்னர்களுக்கு நடுவே சில வெள்ளைப் பெட்டிகள் மட்டும் தனி வரிசையில் நிற்கும். முன்முகத்தில் ஒரு பெரிய காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். கரன்ட் வயர் ஒன்று வால் மாதிரி தொங்கும். பக்கத்தில் போனால் உர்ர்ரென்று சத்தம். அவைதான் ரீஃபர்கள். 40 அடி நீளத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையோர இறால், மீன், கணவாய் எல்லாம் வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போவது இந்த வெள்ளைப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்துதான்.

அந்த ரீஃபர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை. நிரந்தர உத்தியோகம் இல்லை. ஒரு கான்ட்ராக்டரிடம் மாதச் சம்பளம், ராத்திரி போன் வந்தால் கூடக் கொஞ்சம். யார்டில் எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்பார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள். இரவு ஏழரை மணிக்கு, இரண்டாவது தோசை தட்டில் விழுந்த நேரத்தில் போன். யார்டு சூப்பர்வைசர்.

"அண்ணே, ஒரு இறால் பெட்டி கூலிங் எடுக்க மாட்டேங்குது. மைனஸ் 20 செட் பண்ணியிருக்கு, மைனஸ் 13ல நிக்குது. காலையில பத்து மணிக்குள்ள துறைமுகத்துக்குள்ள போகலைன்னா கப்பல் போயிரும். வால்வுதான்னு நினைக்கிறேன். புது வால்வு ஒண்ணு கையோட எடுத்துட்டு வாங்க."

கூலிங் இல்லை என்றால் உடனே 'வால்வுதான்' என்பது இந்தத் தொழிலில் ஒரு வியாதி. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிராவிட்டால் 'கேஸ் போயிருக்கும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வாரே, அதே ஜாதி. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் எட்டேகாலுக்கு யார்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம் ஆன பையன் ஒருவன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். கன்டெய்னர் பக்கத்தில் ஓர் இளைஞர் பைக்கில் சாய்ந்தபடி நின்றிருந்தார். இறால் பதப்படுத்தும் கம்பெனியின் ஆள். முந்தின நாள் பெட்டியில் சரக்கு ஏற்றியவரே அவர்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகவில்லை என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

உள்ளே சுமார் 20 டன் இறால். கிலோ 500 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே ஒரு கோடி. கதவில் சுங்க முத்திரை இருப்பதால் திறந்து தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. என்ன செய்வதானாலும் முன்முகத்தில் இருக்கும் இயந்திரத்தோடுதான் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ரீஃபர் எதையும் உறைய வைப்பதில்லை. உறைய வைப்பது தொழிற்சாலையின் வேலை. அங்கே மைனஸ் 18க்குக் கீழே கொண்டுபோய் அட்டைப் பெட்டிகளில் அடுக்கித் தருவதை, அதே குளிரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ரீஃபரின் வேலை. இறங்கிய குளிரைக் காப்பாற்ற அதற்குத் தெரியும். விட்டுப்போன குளிரை 20 டன்னுக்குள் மறுபடி ஏற்றுவது அதன் சக்திக்கு மீறியது.

முதலில் அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. டிஸ்ப்ளேயைப் பார்த்தார். உள்ளே போகிற காற்று மைனஸ் 13.1. சரக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற காற்று மைனஸ் 13.6. ஓடுகிற இயந்திரம் காற்றைக் குளிர வைத்து அனுப்பியிருந்தால் போகிற காற்றுதான் கூடுதல் குளிராக இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். அதாவது கம்ப்ரஸர் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. நம் ஊர் ஆபீஸ்கள் சிலவற்றைப் போல.

கேஜ் மாட்டினார். கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் கேஸின் அழுத்தம் பூஜ்ஜியத்துக்குக் கீழே, வேக்குவத்தில் கிடந்தது. கம்ப்ரஸர் உறிஞ்சுகிறது, உறிஞ்ச ஒன்றும் வரவில்லை. காலியான இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு இழுக்கிற கதை. ஆக, வழியில் எங்கேயோ அடைப்பு, அல்லது கேஸே குறைவு.

கேஸ் குறைவாக இருந்தால் பார்வைக் கண்ணாடியில் குமிழ் ஓடும். ஓடவில்லை. காயிலில் பனி கட்டி மூடியிருக்கிறதா என்று முன்பக்கப் பேனலைக் கழற்றிப் பார்த்தார். இல்லை. அந்தப் பார்வைக் கண்ணாடியின் நடுவே ஒரு சின்னப் பொட்டு இருக்கும். உள்ளே ஈரம் இல்லை என்றால் பச்சை, இருந்தால் மஞ்சள். யார்டு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்கையே மஞ்சளாகத்தான் தெரிந்தது. பொட்டு பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ரெண்டுங்கெட்டானாக இருந்தது.

அடுத்து டிரையர். கேஸ் ஓடும் பாதையில் ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் சின்ன உருளை அது. அடைத்திருந்தால் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை சில்லென்றும் இருக்கும். குனிந்து இருட்டுக்குள் கையை விட்டுத் தடவினார். இரண்டு முனையும் ஒரே சூடு. டிரையரில் அடைப்பு இல்லை.

"லைட்டைக் காட்டுடே" என்றார்.

பையன் செல்போன் டார்ச்சைப் பிடித்தான். வெளிச்சம் டிரையர் மேல் விழுந்தது. கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: 14-11.

"அண்ணாச்சி, இது ஒங்க எழுத்துல்லா?"

அவர் பதில் சொல்லவில்லை. கையை வெளியே எடுத்து, வேஸ்ட் துணியில் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 14. குழந்தைகள் தினம். அவருடைய மகளின் பள்ளியில் மாலை ஐந்தரைக்கு விழா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நடனத்தில் அவளும் உண்டு. அதற்கு முந்தின இரண்டு வருடமும் அவர் போகவில்லை. முதல் வருடம் ஒரு வெங்காயப் பெட்டி, அடுத்த வருடம் ஒரு மீன் பெட்டி. 'இந்தத் தடவையும் பெட்டின்னு சொன்னா நா ஆட மாட்டேன்' என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அவர் கையில் இருந்தது இதே கன்டெய்னர்தான், காலியாக. சரக்கு ஏற்ற அனுப்புவதற்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பிடிஐ சோதனையில் எக்ஸ்பான்ஷன் வால்வு கோளாறு என்று தெரிந்தது. பழைய வால்வைக் கழற்றிப் புதியதை மாட்டினார். டிரையர் மாற்றினார். எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தது. போன வாரம் திறந்து பாதி மிச்சம் வைத்திருந்த டின்னில் இருந்து ஊற்றினார். வேக்குவம் பம்பைப் போட்டார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மணி நாலரை.

வேக்குவம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக: குழாயைத் திறந்து மூடும்போது உள்ளே காற்று புகுந்துவிடும், காற்றோடு ஈரமும். அதை வெளியேற்றத்தான் பம்ப் போட்டு உறிஞ்சுவது. மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அழுத்தம் குறையக் குறைய, தண்ணீர் கொதிக்கக் குறைந்த சூடே போதும். குழாய்க்குள் அழுத்தத்தை நன்றாக இறக்கிவிட்டால் சாதாரண அறைச் சூட்டிலேயே உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். முழுதாய் வறண்டுவிட்டதா என்று பார்க்க மைக்ரான் கேஜ் என்று தனிக் கருவி இருக்கிறது. 500 மைக்ரானுக்கு இறக்கி, பம்பை மூடிவிட்டு, முள் அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண கேஜில் இந்த நுணுக்கம் தெரியாது. அதில் முள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே காட்சி.

அன்றைக்கு மைக்ரான் கேஜின் பேட்டரி தீர்ந்திருந்தது. சாதாரண கேஜில் முள் அடியில் இருந்தது. 40 நிமிடம் ஓடியிருந்தது. அவர் பம்பை நிறுத்தி, கேஸ் நிரப்பி, சோதனையைப் போட்டுவிட்டு, டிரையர் மேல் தேதி எழுதிவிட்டு, மழையில் நனைந்தபடி பள்ளிக்கு ஓடினார். மகள் மேடையிலிருந்து அவரைப் பார்த்துவிட்டாள். ஆடுகிற ஆட்டத்தை விட்டுவிட்டுக் கை காட்டினாள். பெட்டியும் சோதனையில் பாஸ்.

இப்போது அந்தப் பெட்டி 20 டன் இறாலோடு முன்னால் நிற்கிறது.

பையனிடம் ஒரு ஃபிளாஸ்கைக் கொடுத்து, கேட் பக்கத்து டீக்கடையில் வெந்நீர் வாங்கி வரச் சொன்னார். "டீயா அண்ணாச்சி?" என்றான் அவன். "வெந்நிலே. கொதிக்கக் கொதிக்க."

எக்ஸ்பான்ஷன் வால்வு என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டு. அதிக அழுத்தத்தில் திரவமாக வரும் கேஸ், அதன் நடுவிலுள்ள நுண்ணிய துளை வழியாகப் பீய்ச்சி அந்தப் பக்கம் போகும். போன உடனே அழுத்தம் சடாரென்று விழும், திரவம் ஆவியாகத் தொடங்கும், குளிரும். சென்ட் பாட்டிலைக் கையில் அடித்தால் ஜில்லென்று இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. இந்தப் பெட்டிகளில் ஓடும் ஆர்134ஏ கேஸ் திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியென்றால் துளையின் இந்தப் பக்கம் வெதுவெதுப்பு, அந்தப் பக்கம் மைனஸ் 25 வாக்கில். கேஸோடு ஒரு துளி நீர் சுற்றிக்கொண்டிருந்தால் அது எங்கே உறையும்? சரியாக அந்தத் துளையின் வாயில்தான். வால்வின்மேல் எந்தத் தப்பும் இல்லை. அதன் தொண்டையில் ஒரு ஐஸ் துணுக்கு.

வெந்நீர் வந்தது. பேனலுக்குள் கையை விட்டு, வால்வின் மேல் துணியைச் சுற்றி, அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மூன்று பேரும் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய்க்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், வேக்குவத்தில் கிடந்த முள் துள்ளி மேலே வந்தது. கம்ப்ரஸரின் சத்தமே மாறியது. பத்து நிமிடத்தில் உள்ளே போகிற காற்று மைனஸ் 17.

பையனுக்கு ஒரே சந்தோஷம். இறால் கம்பெனி இளைஞர் இரண்டு கையையும் முகத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். சூப்பர்வைசர் வந்து டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா! சூப்பர்ணே. அப்படியே விட்டுருங்க. காலையில கேட்டுக்குள்ள போயிட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுது" என்றார்.

அவர் பேசாமல் லேப்டாப்பை மாட்டிப் பெட்டியின் பதிவை இறக்கினார். ரீஃபர்கள் மணிக்கு மணி தங்கள் வெப்பநிலையை எழுதி வைத்துக்கொள்ளும். திரையில் வந்த கோடு ரம்பப் பல் மாதிரி இருந்தது. காயிலில் சேரும் பனியை உருக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரம் தானே ஹீட்டரைப் போட்டுக்கொள்ளும். டிஃப்ராஸ்ட் என்பார்கள். ஒவ்வொரு டிஃப்ராஸ்டுக்குப் பிறகும் வெப்பநிலை ஒழுங்காக இறங்கியிருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது. அடுத்த டிஃப்ராஸ்டில் மறுபடி சரியாகியிருக்கிறது. ஹீட்டர் சூட்டில் ஐஸ் உருகுகிறது, வால்வு திறக்கிறது, அந்த நீர் சுற்றி வந்து மறுபடி அங்கேயே உறைகிறது. ஃபிளாஸ்க் வெந்நீர் செய்ததை இயந்திரம் தனக்குத்தானே செய்துகொண்டிருந்திருக்கிறது, பாவம்.

இந்தக் கோடு ஒரு வசதியும் தந்தது. ஒன்பது மணிக்கு ஒரு டிஃப்ராஸ்ட் போட்டுவிட்டால் பெட்டி துறைமுகத்துக்குள் போகும்போது நல்ல குளிரில் இருக்கும். கேட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் மாறி, நடுக்கடலில் கோடு எப்படி ஏறினாலும் அது கப்பல்காரர் பாடு. சூப்பர்வைசருக்கு இது தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"புது வால்வையாவது மாட்டிருங்கண்ணே, ஒரு திருப்திக்கு" என்றார் சூப்பர்வைசர்.

"வால்வு நல்லாத்தான் இருக்கு. மூணு வாரத்துக்கு முந்தி நான் மாட்டுனதுதான்" என்றார் அவர்.

பிறகு பைக் பக்கத்தில் போய், இறால் கம்பெனி இளைஞரிடம் சொன்னார். "தம்பி, கேஸ்குள்ள ஈரம் இருக்கு. அது என் கையாலதான் வந்திருக்கு. அன்னைக்கு வேக்குவம் போதுமான நேரம் போடல. இப்ப ஓடும், திரும்ப நிக்கும். முழுசாக் கழத்தி மாட்டணும். காலையில அஞ்சு மணி ஆயிரும். அதுவரைக்கும் கூலிங் இருக்காது."

அந்த இளைஞர் உடனே ஒன்றும் பேசவில்லை. கத்துவார் என்று பையன் நினைத்தான், இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான். "கதவைத் திறக்காம இருந்தா உள்ள அட்டை தாங்குமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"காத்துதான் சூடாகும். சரக்கு லேசுல ஏறாது. சுவர் பூராவும் ஃபோம். இருபது டன் ஐஸ் கட்டி மாதிரி உள்ள உக்காந்திருக்கு. ஆனா காலையிலயும் முடியலைன்னா, திரும்ப ஃபேக்டரிக்குத்தான்."

"முடிச்சிருவியளா?"

"முடிக்கணும்."

"அப்ப நா டீ சொல்லுதேன்" என்றார் அவர்.

ராத்திரி வேலையை விவரித்தால் அலுத்துவிடும், செய்தவர்களுக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றிரண்டு இடங்களைச் சொல்லத்தான் வேண்டும். எடுத்த எடுப்பில் வேக்குவம் போட்டுப் பயனில்லை. காயில் உறைநிலைக்குக் கீழே கிடக்கிறது, ஈரம் அங்கே பனியாக ஒட்டியிருக்கும், பம்ப் இழுத்தால் லேசில் வராது. அதனால் கம்ப்ரஸரின் பிரேக்கரை இறக்கி வைத்துவிட்டு, டிஃப்ராஸ்ட் ஹீட்டரை மட்டும் போட்டுக் காயிலைச் சூடாக்கினார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 440 வோல்ட் வேலையில் சாவி அடுத்தவர் பையில் இருக்கக் கூடாது.

உள்ளே இருந்த கேஸை வெளியே விடவில்லை, மிஷின் போட்டு சிலிண்டரில் பிடித்தார். திறந்துவிட்டால் பத்து நிமிட வேலை, பிடித்தால் முக்கால் மணி நேரம். இந்த கேஸ் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு என்று கணக்கு. அதற்காக மட்டும் அவர் பிடிக்கவில்லை, பிடிப்பது முறை என்பதால் பிடித்தார். 'முறைப்படி' என்ற வார்த்தை அன்று ராத்திரி அவர் வாயில் ஏழெட்டுத் தடவை வந்தது என்று பையன் பிற்பாடு சொல்லிச் சிரித்தான்.

14-11 என்று எழுதிய டிரையரை அறுத்து எடுத்தார். வால்வின் நுழைவாயிலில் இருக்கும் குட்டி வலையைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கம்ப்ரஸர் எண்ணெயை வடித்தார். இந்த வகைச் செயற்கை எண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மூடி திறந்த உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதுபோல. உறிஞ்சியதை வேக்குவத்துக்கும் லேசில் விடாது. தூத்துக்குடிக் கடற்காற்றில், அதுவும் ஐப்பசியில், பாதி டின்னை ஒரு வாரம் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கும் தெரியும்.

புது டிரையர் உறையைக் கடைசி நிமிடத்தில்தான் கிழித்தார். புது எண்ணெய் டின்னின் சீலைப் பையனைவிட்டு உடைக்கச் சொன்னார். வெல்டிங் வைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டார். பன்னிரண்டு மணிக்கு வேக்குவம் பம்ப் ஓடத் தொடங்கியது. மைக்ரான் கேஜுக்கு டீக்கடைப் பக்கத்துக் கடையில் அவரே போய் பேட்டரி வாங்கி வந்தார். 20 ரூபாய்.

ஒரு மணி நேரம் கழித்துப் பம்பை மூடிப் பார்த்தார். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ ஓட்டை. கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம். நின்றது. "நல்லது" என்றார். ஓட்டை இல்லையே என்ற ஆறுதல். நைட்ரஜனை உள்ளே விட்டு, மறுபடி ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டு, மறுபடி வேக்குவம். மறுபடி நைட்ரஜன். மூன்றாவது தடவை, மணி மூன்றரையை நெருங்கும்போது 500க்குக் கீழே இறங்கியது. பம்பை மூடினார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எண் அசையவில்லை.

பையன் டயர் மேல் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தான். இறால் கம்பெனி இளைஞர் தூங்கவில்லை.

பெயர்ப்பலகையில் போட்டிருந்த எடைக்குத் தராசு வைத்துப் புது கேஸை நிரப்பி, நாலேகாலுக்குப் பிளக்கை மாட்டினார். டிஸ்ப்ளே உயிர் பெற்றபோது உள்ளிருந்த காற்று மைனஸ் 10.8. இளைஞர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அரை மணி நேரத்தில் மைனஸ் 13. ஐந்து மணிக்கு மைனஸ் 15. சரக்கு தன் குளிரை விட்டுவிடவில்லை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது.

ஆனால் அவர் காத்திருந்தது அதற்காக இல்லை. ஐந்தரைக்காக. கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் ஆனால்தான் அந்த ரம்பப் பல் திரும்புகிற இடம் வரும். ஐந்து இருபதிலிருந்து கேஜுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தரை. முள் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது. ஐந்து நாற்பது. ஆறு. துறைமுகப் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது. பகல் வெளிச்சத்தில் பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார். பொட்டு பச்சை. பக்கத்து மரத்து இலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார், சந்தேகத்துக்கு.

ஏழு மணிக்கு ஒரு டிஃப்ராஸ்ட் போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டார். திரும்பி வருகிற காற்று மைனஸ் 17.4, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதேகாலுக்கு டிரெய்லர் வந்தது.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஈரம்னு மட்டும் எழுதுங்கண்ணே. எப்படி வந்துச்சுன்னு கட்டத்துல கேக்கலையே" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். அவர் ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். சம்பளத்தில் பிடிப்பார்கள், அது நிச்சயம். மகளுக்கு டிசம்பர் விடுமுறைக்குத் திருச்செந்தூர் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார், அதுவும் ஞாபகம் வந்தது. எழுதினார்: '14-11 அன்று வால்வு மாற்றியபோது வேக்குவம் போதுமான அளவு எடுக்கவில்லை. பழைய எண்ணெய் பயன்படுத்தப்பட்டது.' கீழே தன் கையெழுத்து.

புது கேஸ், டிரையர், எண்ணெய் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்தில் பிடித்தார்கள். கான்ட்ராக்டர் சத்தம் போட்டார். வேலையைவிட்டு அனுப்பவில்லை. மைக்ரான் கேஜுக்கு எப்போதும் ஒரு ஸ்பேர் பேட்டரி வாங்கி வைக்கச் சொன்னால் மட்டும், அதற்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை.

அன்று காலை கிளம்பும்போது பையன் அந்தப் பழைய பாதி டின்னை எடுத்துக்கொண்டு வந்தான். "இத என்ன செய்ய அண்ணாச்சி? முக்கால் லிட்டர் இருக்கும்."

"கழிவு எண்ணெய் டிரம்ல ஊத்து."

"முழுசுமா?"

"முழுசும்."

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலில் நின்றாள். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். "ராத்திரி பூராவும் ஒரு வால்வா?" என்றாள்.

"வால்வு இல்ல. பழைய வேலை ஒண்ணு பாக்கி கிடந்துச்சு" என்றார் அவர். நேற்றைய தோசையைச் சூடு பண்ணட்டுமா என்று அவள் கேட்பதற்குள் திண்ணையிலேயே தூங்கிப்போனார்.